முப்பத்தெட்டு

இருபத்தாறு வருடம் மின்தூக்கி பழுதுபார்த்தேன்.
செங்காங், ஹவ்காங், பிடோக் வரை
நடுமாடியில் மாட்டிக்கொண்டவர்களைக்
கதவு பிளந்து இறக்கிவிட்டவன்.
கையுறை இல்லாமல் ஒரு கம்பியைத் தொட்டதில்லை.
இப்போது புதன்கிழமைதோறும் நொவினாவில்
காசு கொடுத்து ஷாக் வாங்குகிறேன்.

பெய் ஷான் என் முழங்காலுக்குக் கீழே
வெளிப்பக்க எலும்பு முண்டைத் தேடுகிறார்.
அதை வளைத்துக்கொண்டுதான் நரம்பு இறங்குகிறதாம்.
ஒட்டுப்பட்டையில் வெண்டைக்காய்ப் பிசுக்கு, குளிர்ச்சி.
பத்து. ஒன்றுமில்லை.
இருபது. பக்கத்து வீட்டு அடுப்பில் கடுகு வெடிக்கிறது.
முப்பது. எறும்பு.
முப்பத்தெட்டில்,
தொங்கிக் கிடந்த பாதம்
பேர் சொல்லி யாரோ கூப்பிட்டதுபோல்
தலை தூக்குகிறது.

நான் தூக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.

"இது குணமாக்காது" என்றார் முதல் நாளே.
"மிச்சமிருக்கிற நரம்பு கேட்டால்
தடுக்கி விழுவது குறையலாம்.
குறையாமலும் போகலாம்."
எனக்குப் பிடித்துப்போனது.
பழைய கேபிளைப் பார்த்துவிட்டு
நாங்களும் நகரமன்றத்தில் இப்படித்தான் சொல்வோம்.

அப்பாவின் காலத்தில் இதற்குப் பெயரே இல்லை.
தஞ்சோங் பகாரில் கப்பலுக்குக் கயிறு கட்டியவர்.
முட்டியை உயர்த்தி உயர்த்தி வைப்பார்,
பாதம் பின்னால் வந்து டப்பென்று விழும்.
"தண்ணி" என்றார்கள் புளோக்கில்.
மைலோவுக்கு மேல் எதுவும் குடித்ததில்லை மனிதர்.

நான் பிறந்த வருடம் தீ மிதித்தார்.
குழியைக் கடந்து பாற்குழியில் இறங்கும்வரை
முகம் சுளிக்கவில்லையாம்.
அம்மன் அருள் என்றன
குடிகாரன் என்ற அதே வாய்கள்.
ராத்திரி அம்மா விளக்கடியில் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள்.
பதினோரு கொப்புளம்.
"வலிக்கலையா?"
"எங்கே?" என்றாராம்.

என் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி:
இரு பாதங்களிலும் உணர்வு குறைவு. பரம்பரை.
அதைப் படித்துவிட்டு மருந்தகத்துக்குப் போகும் வழியில்
உட்கார்ந்துவிட்டேன்.
அருளா நரம்பா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வாயில்லை.
நெருப்பில் இறங்கியது அவர்.

வீட்டை விற்றுத் தம்பியும் நானும் சரிபாதி பிரித்தோம்.
அதற்கு வக்கீல் வந்தார், முத்திரை வந்தது.
இதற்கு யாரும் வரவில்லை.
தம்பி நேராக நடக்கிறான்.

ஆதிரைக்குப் பதினேழு. வலைப்பந்து ஆடுகிறாள்.
இந்த வருடம் மூன்று முறை கணுக்கால் பிசகியது.
எல்லோரும் தூங்கிய பிறகு
அவள் காலணியைத் திருப்பிப் பார்க்கிறேன், திருடனைப் போல.
வெளி ஓரம் தேய்ந்திருக்கிறது.
ஆடுகிற பிள்ளைகளுக்கு அப்படித் தேயும்.
தேயும்தானே?
பரிசோதனை பற்றிப் பேச்செடுத்தால்
"பதினெட்டு ஆகட்டும், நானே முடிவு பண்றேன்" என்கிறாள்.
சரிதான். அவள் ரத்தம்.

நேற்று இரவு,
கருவியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய முதல் வாரம்,
சோபாவில் பட்டையை ஒட்டிக்கொண்டிருந்தேன்.
வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.
"எனக்கு ஒரு தடவை வைங்களேன்."
"விளையாட்டுச் சாமான் இல்லை."
"தெரியும்."
என் காலிலிருந்து தானே உரித்து
தன் முழங்காலுக்குக் கீழே
அந்த முண்டைச் சரியாகத் தேடி ஒட்டினாள்.
எங்கே கற்றாள் என்று நான் கேட்கவில்லை.

ஐந்து வைத்தேன். என் விரல்தான் நடுங்கியது.
ஏழு.
பத்தில் துள்ளி எழுந்தது அவள் பாதம்,
நகப்பூச்சு பாதி உரிந்த கட்டைவிரலோடு.
"ஐயோ, கூசுதுப்பா!" என்று சிரித்தாள்.

அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை என்பார் பெய் ஷான்.
அந்த எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பார்.
தெரியும்.

பட்டையை என் காலுக்கு மாற்றிக்கொண்டு
முப்பத்தெட்டுக்குத் திருகினேன்.
இரண்டு பேரும் என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
வெளியே மின்தூக்கி
எங்கள் மாடியில் நிற்காமல் மேலே போனது.
பத்து. பத்து. பத்து.
நான் அதை எந்தத் தாளிலும் குறித்துவைக்கவில்லை.